நிலையத்தால் ஏறும் விலை யாருக்கு?



ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நிற்கும் வேளையில், கடந்த ஓராண்டாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: “ஃபாதர், மக்கோவன் ரோட்டில சப்வே வருகுதெல்லோ, வீட்டை இப்ப விக்கிறதோ, வைச்சிருக்கிறதோ?” நான் வீடு விற்பனை முகவர் அல்லன். நம் பங்கில் அத்தொழில் செய்வோருக்குக் குறைவும் இல்லை. அவர்களிடம் கேளுங்கள் என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவேன். ஆனால் அதே வாசலில், கூட்டம் கலைந்தபின், தாழ்ந்த குரலில் இன்னொரு விண்ணப்பமும் வருகிறது: “வீட்டுக்காரர் விக்கப்போறாராம். கிட்டடியில ஒரு பேஸ்மென்ற் இருந்தாச் சொல்லுங்கோ, ஃபாதர்.” முதற் கேள்வியைக் கேட்பவரும் இரண்டாவதைக் கேட்பவரும் ஒரே தெருவில் வாழ்பவர்கள். இருவரும் பேசுவது ஒரே நிலையத்தைப் பற்றியே. இதைக் குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று எண்ணினேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

ஸ்காபரோவின் தொடருந்துக் கதை நம்மில் பலரின் குடியேற்றக் கதையோடு சேர்ந்தே வளர்ந்தது. 1985 மார்ச்சில் ஸ்காபரோ ஆர்ரி எனும் பாதை திறக்கப்பட்டது. கெனடி முதல் மக்கோவன் வரை ஆறே நிலையங்கள், ஆறரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நீளம். முதலில் அது சாதாரண மின்தொடர் வண்டிப் பாதையாகவே திட்டமிடப்பட்டது. தன் நிறுவனம் உருவாக்கிய புதிய தொழில்நுட்பத்தை உலகுக்குக் காட்ட விரும்பிய ஒன்ராறியோ மாகாண அரசு, அதை ஸ்காபரோவில் பொருத்தியது. அதே தொழில்நுட்பத்தை வாங்கிய வன்கூவர் அதைக் கைவிடாமல் நீட்டிக்கொண்டே போயிற்று. நமது பாதையோ முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஒரு நிலையந்தானும் நீளவில்லை. 2023 யூலை 24 மாலை அதன் கடைசிப் பெட்டி தடம் புரண்டது, ஐவர் காயமுற்றனர். அவ்வாண்டு நவம்பரில் எப்படியும் மூடப்பட இருந்த பாதை, அந்த மாலைக்குப் பின் திறக்கப்படவே இல்லை. அன்றிலிருந்து பேருந்துதான்.

அதற்குப் பதிலாக என்ன வருவது என்பதில் நம் அரசியல்வாதிகள் ஆடிய ஆட்டத்தை நினைவிலிருந்து எழுதினாலே ஒருவருக்குத் தலை சுற்றும். 2007-இல் மேயர் டேவிட் மில்லர் நகரெங்கும் இலகு தொடருந்து என்றார். 2010-இல் மேயர் ரொப் ஃபோர்ட் பதவியேற்றதும் அது முடிந்தது என்றார். பின்னர் மீண்டும் ஏழு நிலையங்கள் கொண்ட இலகு தொடருந்து, அதுவும் மாகாணத்தின் முழுச் செலவில் என்று ஒப்பந்தமாயிற்று. 2013-இல் மாநகர சபை அதைக் கைவிட்டு மூன்று நிலையங்களுடன் சுரங்கத் தொடருந்து என வாக்களித்தது. 2016-இல் மூன்று ஒன்றாயிற்று. 2019-இல் மாகாண அரசு தலையிட்டு மறுபடி மூன்றாக்கியது: லோறன்ஸ், ஸ்காபரோ சென்ரர், ஷெப்பேர்ட். இப்போது நிலத்தின் கீழ் தோண்டப்பட்டுவருவது அந்த 7.8 கிலோமீற்றர் பாதையே. இலகு தொடருந்தா சுரங்கமா என்ற பழைய வழக்கை மீண்டும் தொடங்க எனக்கு விருப்பமில்லை. குழி தோண்டியாயிற்று.

ஆனால் அந்தக் குழிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை மறக்கக்கூடாது. 2014 முதல் ரொறன்ரோவின் சொத்துவரியில் ஸ்காபரோ சுரங்கப் பாதைக்கென ஒரு சிறப்புவரி சேர்க்கப்பட்டது. மூன்றாண்டுகளில் அது 1.6 வீதமாயிற்று. எற்றோபிக்கோவில் இருப்பவரும் கட்டினார், டவுன்ரவுனில் இருப்பவரும் கட்டினார். வாடகைக்கு இருப்பவரும் தம் வாடகைக்குள் அதைக் கட்டினார். மத்திய அரசும் மாகாண அரசும் போடும் பில்லியன்கள் ஹலிஃபக்ஸ் முதல் தண்டர் பே வரை உழைத்தவர்களின் வரி. இத்தனைபேர் கூடிப் பணம் போட்டுக் கட்டும் நிலையத்தின் பக்கத்தில் தற்செயலாக ஒரு காணி வைத்திருந்தவருக்கு அக்காணியின் விலை ஏறுகிறது. அவர் ஒரு கல்லும் வைக்கவில்லை. அவரைக் குற்றஞ்சொல்லவும் நான் வரவில்லை. ஆயினும் ஏறிய அந்த விலை அறத்தின்படி யாருக்கு உரியது?

இந்தக் கேள்வி புதிதன்று. நம் திருச்சபைக்குள்ளேயே ஒரு பெரும் பூசலை உண்டாக்கிய கேள்வி. குருமடத்தில் எங்களுக்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவின் ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலைப் பாடமாகச் சொல்லித்தந்தார்கள். 1891-இல் வெளிவந்த அம்மடல் தொழிலாளர் உரிமையைப் பேசியது, தனிச்சொத்துரிமையையும் காத்தது. எங்களுக்குச் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. அதை நான் வெகுகாலம் கழித்தே வாசித்தறிந்தேன். ஹென்றி ஜோர்ஜ் என்ற அமெரிக்கர், நகரம் வளர்வதால் மட்டும் ஏறும் நிலத்தின் மதிப்பு அந்த நகர மக்கள் அனைவருக்கும் உரியது, ஆகவே அதற்கு வரி விதிக்கவேண்டும் என்று 1879-இல் ஒரு நூல் எழுதினார். லியோவின் மடல் வெளிவந்தவுடன், அது தம் கருத்தை மறுக்கவே எழுதப்பட்டது என்று எண்ணி, திருத்தந்தைக்கே ஒரு நீண்ட பகிரங்கக் கடிதத்தை அதே ஆண்டில் வெளியிட்டார்.

அதற்கும் முன்பே, நியூயோர்க்கின் புனித ஸ்தேவான் ஆலயப் பங்குத்தந்தை எட்வர்ட் மக்ளின் 1886 மேயர் தேர்தலில் ஜோர்ஜுக்காக மேடையேறிப் பேசினார். அவரது பங்கு ஏழைகளின் பங்கு. ஆயர் தடுத்தார், அவர் அடங்கவில்லை. பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். உரோமைக்கு அழைக்கப்பட்டும் போகாததால் 1887-இல் சபைநீக்கமே செய்யப்பட்டார். ஐந்தாண்டுகள் கழித்து, 1892 இறுதியில், அவரது நிலக்கொள்கையில் திருச்சபைப் போதனைக்கு மாறானது எதுவும் இல்லை எனக் கண்டு, உரோமையின் பிரதிநிதி அவரை மீளச் சேர்த்துக்கொண்டார். கொள்கையைக் கைவிடும்படி அவரிடம் கேட்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒரு பங்குத்தந்தை காணிவிலை பற்றிப் பேசலாமா என்று இப்பதிவின் கீழ் எழுத எண்ணுவோர், மக்ளின் அடிகளாரின் கதையை ஒருமுறை தேடி வாசித்துவிட்டு எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பின்வந்த ஆறாம் பவுல் 1967-இலும், பிரான்சிஸ் 2015-இலும் இந்தத் திசையிலேயே எழுதினார்கள். பிரான்சிசின் ‘லௌதாத்தோ சி’ நகரப் போக்குவரத்துக்கு ஒரு தனிப் பத்தியே ஒதுக்கியிருக்கிறது.

ஏறிய விலையில் ஒரு பகுதியை மக்களிடமே திருப்பும் வழிகள் கற்பனையல்ல. ஹொங்கொங்கில் அரசு, தொடருந்து நிறுவனத்துக்கு நிலையத்தைச் சுற்றியுள்ள காணியின் கட்டட உரிமையை, தொடருந்து வருமுன் இருந்த விலைக்குக் கொடுக்கிறது. நிலையம் வந்தபின் ஏறும் விலையில் நிறுவனமும் பங்குபெற்று, அதைக் கொண்டு பாதை கட்டுகிறது. இலண்டனில் எலிசபெத் பாதைக்காக 2010 முதல் பெரிய வணிகக் கட்டடங்களிடம் பவுணுக்கு இரண்டு பென்ஸ் மேலதிக வரி அறவிட்டார்கள்; பின்னர் புதுக்கட்டடங்களிலும் ஒரு கட்டணம் பெற்றார்கள். ஹொங்கொங்கை நான் முன்மாதிரியாகக் காட்டவில்லை. தொடருந்து அங்கே அழகாக ஓடுகிறது. ஆனால் சாதாரண மனிதர் வாழும் அறைகளின் அளவைக் கேட்டால் மனம் நடுங்கும். காணிவிலையால் வாழும் அரசு காணிவிலை இறங்குவதை ஒருநாளும் விரும்பாது. பணத்தைப் பிடிப்பது ஒரு கேள்வி. பிடித்த பணத்தில் யார் குடியிருப்பது என்பது வேறொரு கேள்வி.

இரண்டாவது கேள்வியில்தான் நம் ஊர் தடுமாறுகிறது. மாகாணச் சட்டப்படி, நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீற்றருக்குள் அடர்த்தியான குடியிருப்புக்கு நகரங்கள் இடமளிக்க வேண்டும். சுரங்கத் தொடருந்து நிலையம் என்றால் ஹெக்டேயருக்கு ஆகக்குறைந்தது 200 பேர், குடியிருப்போரும் தொழில்செய்வோருமாகச் சேர்த்து. இது நல்ல சட்டம் என்பதே என் எண்ணம். பல பில்லியன் செலவிட்டு நிலையம் கட்டிவிட்டு, அதன் வாசலில் வாகனத் தரிப்பிடமும் ஒற்றை வீடுகளும் மட்டும் இருக்கட்டும் என்பது வீண்செலவு. ‘எங்கள் தெருவில் கோபுரம் வேண்டாம்’ என்று கையொப்பம் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்களுக்கும் இதையே சொன்னேன். அவர்களுக்கு அது உவப்பாக இருக்கவில்லை.

ஆனால் அந்தக் கோபுரத்தில் யார் வாழ்வார்? 2021 நவம்பரில் ரொறன்ரோ மாநகர சபை ஒரு விதியை ஏற்றது. பெரும் போக்குவரத்து நிலையங்களின் அருகே எழும் புதிய கட்டடங்களில் ஒரு பங்கு, குறைந்த வருமானத்தவர் கட்டக்கூடிய விலைக்கோ வாடகைக்கோ இருக்கவேண்டும். ஐந்து வீதத்தில் தொடங்கி, 2030-இல் இடத்தைப் பொறுத்து 22 வீதம் வரை உயரும் என்றிருந்தது. அந்த வீடுகள் 99 ஆண்டுகள் அப்படியே நீடிக்கும் என்றும் இருந்தது. மறு ஆண்டே மாகாண அரசு உச்சவரம்பு கொண்டுவர முன்வந்தது: ஐந்து வீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது, 25 ஆண்டுகளுக்கு மேல் கட்டுப்படுத்தக்கூடாது. இருபது வீடுகளுக்கு ஒன்று, அதுவும் 25 ஆண்டுகளுக்கு. 25 ஆண்டு என்பது எவ்வளவு என்று நமக்குத் தெரியும். நம்மில் பலர் இந்நாட்டில் கால்வைத்து அதைவிட அதிக காலம் ஆகிவிட்டது. அப்போது முப்பது வயதில் வந்தவர் இப்போது ஓய்வூதியத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். சலுகை வாடகை முடியும் ஆண்டு, அவருக்கு அது மிகத் தேவையான ஆண்டாக இருக்கும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதை அலட்சியம் செய்யக்கூடாது. கட்டுநர்கள் சொல்வது: வட்டியும் கட்டுமானச் செலவும் உயர்ந்திருக்கின்றன, கொண்டோ விற்பனை படுத்துவிட்டது, மேலும் சுமை ஏற்றினால் ஒன்றுமே கட்டப்படாது, கட்டப்படாத கோபுரத்தின் 22 வீதம் பூச்சியந்தானே. உண்மைதான். கொண்டோச் சந்தை அண்மைக்காலத்தில் விழுந்த விழுகையை நம் பங்கிலேயே முற்பணம் கட்டிவிட்டுத் தவிக்கும் குடும்பங்களில் பார்க்கிறேன். ஆனால் இவ்விதி இன்றைய சந்தைக்காக மட்டும் எழுதப்படுவதன்று. சந்தை எழும் நாளில், முன்கூட்டியே விதி தெரிந்திருந்தால், கட்டுநர் காணிக்குக் கொடுக்கும் விலையில் அதைக் கழித்துக்கொள்வார். விதி இல்லாவிட்டால் அந்தப் பணம் காணியை விற்பவரிடம் போகும், அவ்வளவே. சந்தை படுத்திருக்கும்போது விதியைக் கைவிட்டால், எழுந்தபின் கொண்டுவர யாருக்குத் துணிவு வரும்?

இன்னொன்றும் நம்மவர்கள் பலர் அறியாதது. 2018 நவம்பர் 15-க்குப் பின் முதன்முதலாகக் குடியிருப்புக்கு வந்த வீடுகளுக்கு மாகாணத்தின் வருடாந்த வாடகை உயர்வுக் கட்டுப்பாடு கிடையாது. ஆகவே நிலையங்களைச் சுற்றி எழப்போகும் புதிய வாடகை வீடுகள் எல்லாம் அந்தக் காப்புக்கு வெளியே நிற்பவை. பழைய ஒற்றை வீட்டின் நிலக்கீழ் அறையில் இருப்பவரின் நிலையும் பெரிதாக வேறில்லை. வாங்குபவர் தாமே குடியேறப்போகிறார் என்றால் 60 நாள் அறிவித்தலோடு வெளியேற வேண்டியதுதான். பழைய வாடகை அடுக்குமாடிகளை இடித்தால் பதில் வீடுகள் தரவேண்டும் என்ற நகர விதி நிலக்கீழ் அறைக்குப் பொருந்தாது. நம் ஆட்கள் மரக்கறி வாங்கும், தையற்கடை வைத்திருக்கும், கொத்துரொட்டி போடும் அந்தச் சிறு பிளாசாக்களுக்கும் பொருந்தாது. எக்ளிங்டன் மேற்கில் கரிபியன் மக்களின் ‘லிற்றில் ஜமைக்கா’ கடைத்தெருவுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 2011-இல் தொடங்கி 2020-இல் திறப்போம் என்ற பாதைக்கு, அதன்பின்னும் ஐந்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். வேலி அடைத்த தெருவில் வாடிக்கையாளர் வராமல் எத்தனையோ கடைகள் மூடுண்டன. தொடருந்து ஓடத் தொடங்கும்போது அதில் ஏறிவந்து வாங்குவதற்கு அந்தக் கடைகள் இல்லை.

இதுவரை கட்டடம் பற்றிப் பேசினேன். ஓட்டம் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே எனக்குள்ள பெரிய மனக்குறை. சுரங்கம் தோண்டப் பணம் கொடுக்கும் அமைச்சருக்கு நாடா வெட்டும் விழா உண்டு, படம் உண்டு. ஞாயிறு காலை பேருந்தை இருபது நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்றாக்கப் பணம் கொடுப்பவருக்கு என்ன விழா உண்டு? ரொறன்ரோவின் சுரங்கத் தொடருந்து ஞாயிறன்று காலை எட்டு மணியளவில்தான் ஓடத் தொடங்குகிறது. ஏழு மணித் திருப்பலிக்கு வரும் முதியோரும், அதிகாலையில் மருத்துவமனைச் சமையலறைக்கும் கட்டடத் துப்புரவுக்கும் போவோரும் நம்பியிருப்பது பேருந்தையே. அவர்களுக்கு மக்கோவன் நிலையம் வந்தாலும், அதுவரை கொண்டுபோய்விடும் பேருந்து ஒழுங்காக வராவிட்டால், அது தூரத்துப் பச்சைதான்.

ஏன் இப்படி? ஒருகாலத்தில் ரிரிசியின் இயக்கச் செலவில் பயணக்கட்டணம் போக எஞ்சிய பற்றாக்குறையை மாகாணமும் நகரமும் பகிர்ந்து கொடுத்தன. 1990-களின் இறுதியில் மைக் ஹரிஸ் அரசு மாகாணத்தின் பங்கை நிறுத்தியது. அதன்பின் பெருந்தொற்று வரும்வரை செலவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பயணிகளே கட்டணமாகக் கட்டினார்கள்; வட அமெரிக்காவின் பெருநகரங்களில் இவ்வளவு சுமையைப் பயணியின் தோளில் ஏற்றியவை மிகச் சில. பெருந்தொற்றில் பயணிகள் குறைந்தவுடன் அந்த ஏற்பாடு எவ்வளவு நொய்தானது என்பது வெளிப்பட்டது. 2023 நவம்பரில் மாகாணமும் நகரமும் செய்துகொண்ட புதிய உடன்படிக்கையில் இயக்கச் செலவுக்கும் ஓரளவு பணம் வந்தது. ஆனால் அது சில ஆண்டுகளுக்கான தவணை, நிரந்தரமான உரிமையன்று. மத்திய அரசு 2026-27 முதல் ஆண்டுக்கு மூன்று பில்லியன் டொலரளவில் பொதுப் போக்குவரத்துக்கெனத் தருவதாக அறிவித்த நிதியும், பாதை, பெட்டி, கட்டடம் போன்ற மூலதனச் செலவுக்கே. சாரதியின் சம்பளத்துக்கு அதில் ஒரு சதமும் எடுக்க முடியாது. ஒருவருக்குப் புதிய வீடு கட்டிக்கொடுத்துவிட்டு, உலை வைக்க அரிசிக்கு நீயே பார்த்துக்கொள் என்பதைப்போல.

காரில் வருகிறவர்களுக்கு இது பிறர் விவகாரமாகத் தோன்றலாம். நம் ஆலயத் தரிப்பிடத்தில் திருவிழா நாளில் நடக்கும் வாக்குவாதங்களைத் தீர்த்துவைத்தே எனக்குத் தொண்டை கட்டிப்போகிறது. ஆகவே கார்களின் எண்ணிக்கையை நான் நன்கறிவேன். அந்தத் தரிப்பிடம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நகரில் எத்தனையோ ஆலயங்கள், நம் திருச்சபையினதும் பிற சபைகளினதும், நிலையங்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் பெரிய காணிகளை வைத்திருக்கின்றன. வாரத்தில் ஆறு நாள் அவை வெறுந் தார்த்தரை. கனடாவின் ஐக்கிய திருச்சபை தன் காணிகளில் வாடகை வீடுகள் எழுப்பும் நோக்குடன் ஒரு நிறுவனத்தையே உருவாக்கியிருக்கிறது. காணிவிலை ஏற்றத்தில் பொதுப்பங்கு வேண்டும் என்று அரசிடம் கேட்கும் நாம், நம் தார்த்தரையின் விலையும் அதே நிலையத்தால்தான் ஏறுகிறது என்பதைப் பேசாமல் விட முடியாது. இக்காணிகள் என் கையிலும் இல்லை, பங்குப்பேரவையின் கையிலும் இல்லை, மறைமாவட்டத்தின் பொறுப்பு. ஆயினும் பங்கு கேட்டால்தான் மறைமாவட்டம் யோசிக்கும். பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சிநிரலில் வைக்கக் கேட்டிருக்கிறேன்.

ரொறன்ரோ மாநகர சபைத் தேர்தல் 2026 அக்டோபர் 26 அன்று. மாநகரத் தேர்தலில் கட்சிகள் இல்லை. நமது ஆலயமும் பதிவுபெற்ற அறக்கொடை அமைப்பு. ஆகவே இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன்; யாரும் என்னிடம் கேட்கவும் வேண்டாம். ஆனால் வேட்பாளர் உங்கள் கதவைத் தட்டி, “சப்வே கொண்டுவருகிறேன்” என்றால், அது ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அதைச் சுற்றி எழும் வீடுகளில் எத்தனை நம் பிள்ளைகள் கட்டக்கூடிய வாடகைக்கு இருக்கும், எத்தனை ஆண்டுகளுக்கு, ஞாயிறு காலைப் பேருந்துக்கு எங்கிருந்து பணம் வரும் என்று கேளுங்கள். குடியுரிமை இல்லாதவர்கள் வாக்களிக்க முடியாது. ஆனால் சபையின் குழுக்கூட்டங்களில் பெயர் பதிந்து பேச அவர்களுக்கும் வாய்ப்புண்டு. 311-ஐ அழைத்தால் தமிழில் உதவி கிடைக்கும்.

தேர்தலுக்கு முன் நம் தொகுதியின் வேட்பாளர்கள் அனைவரையும் பங்கு மண்டபத்துக்கு அழைக்க எண்ணியுள்ளோம். நாளும் நேரமும் ஆலய அறிவித்தலில் வரும். கேள்விகளைத் தமிழிலேயே எழுதி அலுவலகப் பெட்டியில் போடுங்கள். மொழிபெயர்ப்பை இளையோர் மன்றத்தினர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் பெயர் எழுதத் தேவையில்லை.